பயம் மட்டும் போதுமா? விடை வேண்டாமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. இதை ஐந்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். ஆனால் மனப்பாடம் செய்தது வேறு, மனத்தில் பதிந்தது வேறு என்பதைச் சென்ற ஆண்டுதான் நான் அறிந்துகொண்டேன். அதை அறிய எனக்கு உதவியவற்றுள் ஒன்று பாடநூல் அன்று. ஒரு பழைய தொலைக்காட்சித் தொடர் என்றால் சிஸ்டர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். சற்றுப் பொறுமையுடன் கேட்டருள வேண்டுகிறேன்.

1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் 'மர்மதேசம்' என்ற வரிசையில் வாரம் ஒருமுறை ஒளிபரப்பான கதைகளைப் பற்றிப் பெற்றோர் பலரும் அறிவர். திரு. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. அவ்வரிசையில் 'ரகசியம்', 'விடாது கருப்பு' ஆகியவற்றை இயக்கியவர் திரு. நாகா. அப்போது என் அம்மா மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாராம். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்ததாம். 'விடாது கருப்பு' முடிந்த பிறகு நான்கு வீடு தள்ளியிருந்த தம் வீட்டுக்கு வரச் சிறுபிள்ளைகள் எல்லாம் கைகோத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே ஓட்டமாக ஓடிவருவார்களாம். "கருப்பு வரும் குதிரைச் சத்தம் இன்னும் என் காதில் கேட்குது" என்று அம்மா இப்போதும் சொல்வதுண்டு.

அத்தொடரை இன்று இணையத்தில் காண முடிகிறது. சென்ற கோடை விடுமுறையில் அம்மாவும் நானும் அமர்ந்து முழுவதும் பார்த்தோம். நானும் பயந்தேன், மறைப்பானேன்? ஆனால் தொடர் முடிந்தபோது பயத்தைவிட வியப்பே மிஞ்சியது.

கதையின் அடிப்படை இதுதான். ஒரு கிராமம். அதன் காவல் தெய்வம் கருப்பு. தவறு செய்பவர் கருப்பால் தண்டிக்கப்படுவதாக ஊரே நம்புகிறது. நம்புவதற்கு ஏற்றாற்போல் தவறு செய்தவர்களுக்குத் தண்டனையும் நேர்ந்துகொண்டே இருக்கிறது. நகரத்திலிருந்து வரும் படித்தவர்கள் அதை அப்படியே ஏற்க மறுத்து, காரணத்தைத் தேடுகிறார்கள். இறுதியில், தண்டித்தவன் ஒரு மனிதன் என்று தெரிகிறது. அவனும் வேடதாரி அல்லன். இளமையில் பதிந்த எண்ணங்களால் மனம் பிளவுபட்டு, ஒரே உடலில் இரண்டு ஆளாக வாழும் நோயாளி. தான்தான் கருப்பாக மாறுகிறோம் என்பது அவனுக்கே தெரியாது. (இன்னும் பார்க்காதவர்களுக்கு முடிவைச் சொல்லிவிட்டதற்காக மன்னிக்கவும். முடிவைச் சொல்லாமல் என் கருத்தைச் சொல்ல இயலவில்லை.)

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மர்மக் கதைகள் எல்லா நாட்டிலும் உள்ளன. அமெரிக்காவில் 1974 செப்டம்பரில் தொடங்கி 1975 மார்ச்சில் நின்றுபோன ஒரு தொடரைப் பற்றிப் படித்தேன். இருபதே பகுதிகள்! சிகாகோ நகரத்துச் செய்தியாளர் கோல்சாக் என்பவர் வாரந்தோறும் ஒரு குற்றத்தைத் துப்பறியப் போவார். அங்கே உண்மையாகவே ஒரு பேயோ பூதமோ இருக்கும். அவர் சொல்வதைக் காவலரும் நம்பமாட்டார், பத்திரிகை ஆசிரியரும் நம்பமாட்டார். பின்னாளில் 1993இல் தொடங்கிப் புகழ்பெற்ற 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடருக்கும் இதுவே தூண்டுகோல் என்பர்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஊரார் ஒருவரும் பேயை நம்புவதில்லை. துப்பறிபவர் ஒருவரே பேயைக் கண்டுபிடிக்கிறார். இங்கே ஊரே நம்புகிறது. துப்பறிபவர் மனிதனைக் கண்டுபிடிக்கிறார். எந்த ஊருக்கு எந்தத் துப்பறிவாளர் தேவை என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா? நம் கரிசல் மண்ணில் பேயைக் கண்டுபிடிக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மனிதரைக் கண்டுபிடிப்பவருக்குத்தான் பஞ்சம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம், அவரவர்க்கு அவரவர் யாரென்று தெரியும்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு வீட்டில் ஒற்றைக் கம்மல் காணாமற் போயிற்று. வீடெல்லாம் தேடினார்கள். கிடைக்கவில்லை. "குறி கேட்டால் தெரிந்துவிடும்" என்றார் ஒருவர். எங்கள் தெருவில் கோயிலும் உண்டு, மாதா கெபியும் உண்டு. குறி கேட்கப் போன கூட்டத்திலோ இரு சாராரும் இருந்தனர். மாலையில் செபமாலை சொன்ன கையோடு போனவர்களும் உண்டு. என் வீட்டாரும் போனார்கள். நானும் போனேன். கோடாங்கி உடுக்கை அடித்தார். "வந்துபோற வயசுப்பிள்ளை, வடக்குப் பார்த்த வாசல்" என்றார். அவ்வளவுதான்!

எங்கள் தெருவின் ஒரு சிறகு முழுவதும் வடக்குப் பார்த்த வீடுகளே. எங்கள் வீடும் வடக்குப் பார்த்ததுதான். அந்த வீட்டுக்கு நானும் வந்துபோகிறவள்தான். ஆயினும் ஊரின் விரல் என்னை நோக்கி நீளவில்லை. அப்பா இல்லாத, அம்மா தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிற, என் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டை நோக்கியே நீண்டது. அவள் அந்த வீட்டில் அவ்வப்போது கூடமாட வேலை செய்து கொடுப்பாள்.

அவளை யாரும் அடிக்கவில்லை. காவல் நிலையத்துக்கும் போகவில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றது. அவள் போனால் பேச்சு தொடங்கியது. தண்ணீர்க் குழாயடியில் அவள் குடம் ஒதுங்கி நின்றது. நான் என்ன செய்தேன்? வகுப்பில் என் பையை அவள் பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு சொல் சொல்லவில்லை. பையை மட்டும் நகர்த்தினேன். அவள் அதைப் பார்த்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

புரட்டாசியில் மழை வாசனை வந்ததும் விதைப்புக்கு உளுந்து எடுக்க அந்த வீட்டார் சாக்கைக் கவிழ்த்தனர். உளுந்தோடு உளுந்தாகக் கம்மலும் விழுந்தது. ஆடியில் அந்த வீட்டு அம்மாள் தாமே சுளகில் உளுந்து புடைத்துச் சாக்கில் கொட்டியிருக்கிறார். அப்போது திருகு கழன்று விழுந்திருக்கிறது.

தோழியரே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த மர்மத்தைத் தீர்க்கத் தேவைப்பட்டது ஒரே ஒரு கேள்வி: "கம்மல் கடைசியாகக் காதில் இருந்ததை யார் பார்த்தது, எப்போது, எங்கே?" அக்கேள்வியை எவரேனும் கேட்டிருந்தால் உளுந்து புடைத்த நாள் நினைவுக்கு வந்திருக்கும், சாக்கை அன்றே அவிழ்த்திருப்பார்கள். எவரும் கேட்கவில்லை. ஏனெனில் கோடாங்கி விடை சொல்லிவிட்டார். விடை கிடைத்துவிட்ட இடத்தில் கேள்விக்கு வேலை ஏது?

இக்காரணத்தால்தான் 'விடாது கருப்பு' எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அது பயமுறுத்தியது உண்மை. பயமுறுத்தியதோடு விட்டுவிடவில்லை. வாராவாரம் முடிச்சுப் போட்டது. கடைசியில் அந்த முடிச்சை அவிழ்த்தும் காட்டியது. அவிழ்த்ததும் கதையை நிறுத்திக்கொண்டது. ஒரு கதை முடிந்து அடுத்த கதைக்கு இடம் விட்டது.

இன்றைய நிலை என்ன? வாரத்தில் ஐந்து நாள், ஆறு நாள் ஓடுகிற தொடர்களிலும் பாம்பு பெண்ணாகிறது, இறந்தவர் எழுந்து வருகிறார், பொம்மை கண் சிமிட்டுகிறது. ஏன், எப்படி என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் விடை சொல்ல வேண்டும். விடை சொன்னால் கதை முடிந்துவிடும். கதை முடிந்தால் விளம்பரமும் நின்றுவிடும். ஆகவே பயம் மட்டும் நாள்தோறும் வளர்கிறது. துப்பறிபவர் இல்லாத மர்மக் கதை, மருந்து இல்லாத நோயைப் போன்றது என்பேன்.

இதற்கு மறுப்பு உண்டு. இக்கட்டுரையின் முதற்படியைப் படித்த என் ஆச்சியே அம்மறுப்பைச் சொன்னார்: "நீ சொல்ற கதை கடைசி வாரம்தானே விடை சொல்லுச்சு? மத்த வாரமெல்லாம் பிள்ளைகளைப் பயமுறுத்தத்தானே செஞ்சுது? உங்க அம்மாவுக்கு இன்னைக்கும் குதிரைச் சத்தம் ஞாபகம் இருக்கு, டாக்டர் சொன்ன விளக்கம் ஞாபகம் இருக்கா, கேட்டுப் பாரு." கேட்டேன். அம்மா சிரித்துவிட்டார். விளக்கம் பாதிதான் நினைவில் இருந்தது. இக்குறை உண்மையானது, நான் ஒப்புக்கொள்கிறேன். பயம் காதிலும் வயிற்றிலும் தங்குகிறது. விளக்கமோ தலையில் மட்டும் தங்குகிறது. ஆகவேதான் இத்தகைய தொடர்களைப் பிள்ளைகள் தனியே பார்க்காமல், பெரியவர்களோடு இறுதிவரை பார்த்து, முடிவைப் பேசித் தெளிய வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு குறையும் எனக்குத் தோன்றுகிறது. பேய்க்குப் பதிலாக மனநோயாளியை வைத்துவிட்டால், நேற்றுப் பேய்க்குப் பயந்தவர்கள் இன்று நோயாளிக்குப் பயப்படுவார்களே! மனநோய் உள்ளவர்கள் எல்லாரும் அரிவாள் எடுப்பவர்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் அது பெரும் அநீதி. உண்மையில் அவர்களால் நமக்கு நேர்ந்த தீங்கைவிட, நம்மால் அவர்களுக்கு நேர்ந்த தீங்கே அதிகம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 நோயாளிகள் மாண்டனர். அவர்களால் ஓட இயலவில்லை; சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். பேய் பிடித்தது, செய்வினை வைத்தது என்று நம்பிய குடும்பங்கள் நோயுற்றோரைக் குணம் தேடி அவ்வூருக்கு அழைத்துவருவது நெடுநாள் வழக்கம். கையில் மருந்துச் சீட்டு இருக்க வேண்டியவர்களின் காலில் சங்கிலி இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று விதித்திருக்கிறது. சட்டம் வந்துவிட்டது, நம் மனமும் வரவேண்டும்.

'விடாது கருப்பு' இவ்வகையில் முழுத் தவறு செய்யவில்லை என்றே நினைக்கிறேன். அந்த மனிதனைச் சிறுவனாகவும் நமக்குக் காட்டுகிறது. அவன் எப்படி அப்படி ஆனான் என்று பார்த்தபின் அவன்மேல் கோபம் வருவதில்லை, இரக்கமே வருகிறது. குற்றவாளி யார் என்று சொல்வதோடு துப்பறிவாளர் வேலை முடிந்துவிடலாம். ஏன் அப்படி ஆனான் என்று கேட்பவரே நல்ல மனிதர்.

நாம் கிறிஸ்தவப் பள்ளியில் பயில்கிறோம். விசுவாசம் உள்ளவர்கள் இப்படிக் கேள்வி கேட்கலாமா என்று சிலர் ஐயுறலாம். கேட்கலாம் என்று நம் வேதாகமமே சொல்கிறது! தானியேல் ஆகமம் 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சூசன்னா என்னும் குற்றமற்ற பெண்மீது இரு முதியவர்கள் பொய்க் குற்றம் சாட்டுகின்றனர். சபையும் நம்பிவிடுகிறது, கொலைத் தண்டனையும் கூறியாயிற்று. அப்போது தானியேல் என்னும் இளைஞர் எழுந்து, இருவரையும் தனித்தனியே நிறுத்தி, "எந்த மரத்தடியில் கண்டாய்?" என்று கேட்கிறார். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்கிறார். மற்றவர் வேறு மரத்தைச் சொல்கிறார். பொய் வெளிப்படுகிறது. ஒரே ஒரு கேள்வி ஒரு பெண்ணின் உயிரைக் காத்தது.

அடுத்த 14ஆம் அதிகாரம் இன்னும் சுவையானது. பாபிலோனில் பேல் என்னும் சிலை, படைத்த உணவையெல்லாம் இரவில் உண்டுவிடுவதாக மன்னன் நம்புகிறான். தானியேல் கோயில் தரையில் சாம்பலைத் தூவிக் கதவைப் பூட்டி முத்திரையிடச் செய்கிறார். காலையில் பார்த்தால் சாம்பலில் ஆண், பெண், குழந்தைகளின் காலடிகள்! அடியில் இரகசிய வழி வைத்துப் பூசாரிகள் குடும்பத்தோடு வந்து உண்டிருக்கின்றனர். துப்பறியும் கதைகள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் வேதாகமத்தில் ஒரு துப்பறிவாளர் இருந்திருக்கிறார். என் தோழிக்காக நான் சாம்பல் தூவவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அற்புதங்களைப் பொறுத்தும் திருச்சபை அவசரப்படுவதில்லை. லூர்து நகரில் 1883 முதல் மருத்துவக் குழு ஒன்று இயங்கிவருகிறது. குணமடைந்ததாகச் சொல்பவர்களை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்கின்றனர். சொல்லப்பட்டவை ஆயிரக்கணக்கில், அற்புதம் என்று இதுவரை ஏற்கப்பட்டவையோ எழுபதைச் சற்றே தாண்டும். மாதாவின் பெயரால் வந்ததையே இத்துணை ஆராயும்போது, உடுக்கைச் சத்தத்தில் வந்ததை நாம் ஆராயாமல் ஏற்கலாமா? குறி கேட்பதும் சோதிடம் பார்ப்பதும் தகாதென்று நம் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு தெளிவாகவே கூறுகிறது. ஞானோபதேச வகுப்பில் படித்தோம். ஆடி மாதத்தில் மறந்தோம்.

பிற சமயத்துத் தோழியர் இதனால் மனம் வருந்த வேண்டாம். காவல் தெய்வத்தை வணங்குவதை நான் குறை கூறவில்லை. கருப்பசாமி காவல் என்று நம்பி, களத்து மேட்டில் தானியத்தைப் பூட்டின்றி விட்டுவருபவர்களை எங்கள் பக்கத்தில் கண்டிருக்கிறேன். அந்த நம்பிக்கை நேர்மையை வளர்க்கிறது. தெய்வத்தின் பெயரைச் சொல்லி ஓர் ஏழைப் பெண்மேல் விரல் நீட்டும்போதுதான் அது பிழையாகிறது. அப்பிழையில் சமய வேறுபாடு இல்லை என்பதை மேலே சொன்னேன்.

நம் காமநாயக்கன்பட்டியில் இறைப்பணி ஆற்றிய வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையில், ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைப்பார்கள் சீடர்கள். அது புஸ்ஸென்று சீறும். ஆறு விழித்திருக்கிறது என்று அலறி ஓடுவார்கள். படிக்கும்போது எத்தனை சிரிப்பு! "வடக்குப் பார்த்த வாசல்" என்று கேட்டு நாங்கள் ஓடியதும் அதே ஓட்டம்தான். இதற்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மணியாச்சி என்றால் வாஞ்சிநாதன் நினைவு வரும். 1911 ஜூன் 17ஆம் நாள் எங்கள் இரயில் நிலையத்தில் ஆஷ் துரை சுடப்பட்டார். வாஞ்சிநாதனும் அங்கேயே தம்மைச் சுட்டுக்கொண்டார். ஏன் சுட்டார் என்று நூற்றாண்டு கடந்தும் நாம் அறிவது எதனால்? அவர் சட்டைப்பையில் கிடைத்த கடிதத்தால். யாரும் மை போட்டுப் பார்த்துச் சொன்னதன்று. சான்றுக்குப் பெயர்பெற்ற நிலையத்தின் ஊரில் பிறந்த நாம், சான்று இன்றி ஒருத்தியைத் தண்டிக்கலாமா?

கம்மல் கிடைத்த மறுநாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "நான் பையை நகர்த்தினது தப்பு" என்றேன். அவள், "எல்லாரும்தான் நகர்த்தினீங்க. நீ ஒருத்திதான் வந்து சொல்றே" என்றாள். அவள் அம்மா உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. நம் சிஸ்டர்கள் இருமுறை வீடு தேடிச் சென்று பேசியதால் அவள் இப்போது மீண்டும் பள்ளிக்கு வருகிறாள். இரண்டு மாதப் பாடத்தை உடனிருந்து எழுதிக்கொண்டோம். ஆனால் அந்தத் தெருக் குழாயடிக்கு அவள் இன்னும் வருவதில்லை; வேறு தெருவுக்குப் போய்த் தண்ணீர் எடுக்கிறாள். கம்மலுக்கு உரியவர் கம்மலைத் திரும்பப் பெற்றுவிட்டார். அவள் இழந்தது முழுதும் திரும்பி வரவில்லை.

ஆதலால், என் அருமைத் தோழியரே, பெற்றோரே! மர்மத் தொடர் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பார்க்கும்போது மூன்று கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: யார் பார்த்தது? வேறு காரணம் இருக்க முடியுமா? தவறாகச் சொன்னால் துன்பப்படப் போகிறவர் யார்? இம்மூன்றையும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் பழகிக்கொண்டால், தெருவிலும் கேட்கத் துணிவு வரும். முதல் இரண்டு கேள்விகளும் அறிவைச் சேர்ந்தவை. மூன்றாவது கேள்வி அன்பைச் சேர்ந்தது. அதை நான் ஆடி மாதத்திலேயே கேட்டிருந்தால் என் பை நகர்ந்திருக்காது.